கட்டிலருகே நிற்பவருக்கும் ஓர் ஊசி

மழைக்காலம் நெருங்கும்போது, சர்க்கரை நோய், இதய நோய், ஆஸ்துமா போன்றவற்றுக்காகச் சிகிச்சை பெற வருவோரிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இந்த ஆண்டு ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?” அதே கேள்வியை நோயாளி எங்களிடம் திருப்பிக் கேட்டால் நாங்கள் என்ன சொல்வோம்? நாடி பார்க்கும் மருத்துவர், மருந்து கொடுக்கும் செவிலியர், இரத்தம் எடுக்கும் ஆய்வகப் பணியாளர், உணவு கொண்டுவருபவர், தரையைத் துடைப்பவர் ஆகியோர் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்களா? ஒவ்வோர் ஆண்டும் போட்டுக்கொள்ள வேண்டுமா? போட்டுக்கொள்ள மறுத்தால் மருத்துவமனை என்ன செய்ய வேண்டும்?

இவை நியாயமான கேள்விகள். போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே எங்கள் விடை. ஆயினும் அவ்வாறு சொல்வதற்குரிய காரணங்களில் உறுதியானவை எவை, இன்னும் விவாதத்தில் இருப்பவை எவை என்பதைப் பிரித்துக் காட்டினால்தான் அந்த விடைக்கு மதிப்பு உண்டு. நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டிய அளவில் அவற்றை இங்கே எடுத்துரைக்கிறோம்.

சளிக்காய்ச்சல் என்று ஒதுக்கத் தகாத நோய்

ஃப்ளூ என்று நாம் சுருக்கமாகச் சொல்வது இன்ஃபுளுவென்சா வைரஸ் உண்டாக்கும் நோயை. மூக்கொழுகலோடு விலகிவிடும் சாதாரணச் சளி வேறு வைரஸ்களால் வருவது. ஃப்ளூ பெரும்பாலும் திடீரெனத் தொடங்கும். கடுங்காய்ச்சல், உடல்வலி, தலைவலி, வறட்டு இருமல், எழுந்து நடக்க இயலாத அசதி ஆகியவை அதன் அடையாளங்கள். உடல்நலம் உள்ள பெரியவர்களில் பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுகின்றனர். இருமலும் அசதியும் மட்டும் இன்னும் சில நாள் நீடிக்கலாம்.

மருத்துவமனைக் கட்டிலில் இருப்பவரின் நிலை வேறு. முதியோர், கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நுரையீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நாட்பட்ட நோய் உள்ளவர்கள், புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோருக்கு ஃப்ளூ நிமோனியாவாக முற்றக்கூடும். ஏற்கெனவே உள்ள நோயையும் அது கிளறிவிடும். உலகெங்கும் ஆண்டுதோறும் 30 முதல் 50 இலட்சம் பேர் ஃப்ளூவால் கடுமையாகப் பாதிக்கப்படுகின்றனர் என்றும், சுவாசக் கோளாறுகளால் மட்டும் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறக்கின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இவர்களுக்கே ஊசி போட்டுவிட்டால் போதாதா என்று தோன்றலாம். போட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருக்கு அது மிகவும் தேவையோ, அவர்களில் பலருக்கு அதன் பயன் குறைவாகவே கிடைக்கிறது. தடுப்பூசி தானே நோயை எதிர்ப்பதில்லை. எதிர்க்கும்படி உடலுக்குப் பயிற்சி தருகிறது. கீமோதெரபியாலோ, மாற்று உறுப்பை உடல் ஒதுக்காதிருக்கத் தரப்படும் மருந்துகளாலோ எதிர்ப்பாற்றல் தளர்ந்திருக்கும்போது அப்பயிற்சி முழுமையாகப் பலிப்பதில்லை. முதுமையிலும் அப்படியே. பிறந்து ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கோ இத்தடுப்பூசி போடுவதே இல்லை. தாய் கருவுற்றிருந்த காலத்தில் போட்டுக்கொண்ட ஊசியின் பயனே அக்குழந்தைக்குக் காப்பு. ஆகவே தம்மைத் தாமே முழுவதும் காத்துக்கொள்ள இயலாதவர்களைச் சுற்றியிருப்போர் காக்க வேண்டியுள்ளது. மருத்துவமனையில் அவ்வாறு சுற்றியிருப்போர் நாங்கள்.

நோயென்று அறியாமலே நோயைச் சுமப்பவர்கள்

“காய்ச்சல் வந்தால் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன், எனக்கு எதற்கு ஊசி?” என்று கேட்கும் பணியாளர்கள் உண்டு. அதற்கு விடை இந்த வைரஸின் இயல்பிலேயே இருக்கிறது. தொற்றிய பின் அறிகுறி தோன்ற ஒன்று முதல் நான்கு நாள்கள், பெரும்பாலும் இரண்டு நாள்கள் ஆகும். அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே அவரிடமிருந்து பிறருக்குத் தொற்று பரவத் தொடங்கலாம். காய்ச்சல் வந்த பின் விடுப்பு எடுப்பவர், அதற்கு முந்தைய நாள் வார்டில் பணியாற்றியிருப்பார்.

அறிகுறியே தெரியாமல் தொற்றுக்கு ஆளாகிறவர்களும் உண்டு. 1993–94 குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 518 மருத்துவப் பணியாளர்களின் இரத்தத்தைச் சோதித்தனர். அவர்களுள் 120 பேருக்கு, அதாவது ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, அந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ தொற்றியதற்கான தடயம் இரத்தத்தில் காணப்பட்டது. அந்த 120 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர், 59 விழுக்காட்டினர், தமக்கு ஃப்ளூ வந்ததாக நினைவில்லை என்றனர். 28 விழுக்காட்டினருக்குச் சளியோ இருமலோ வந்த நினைவுகூட இல்லை. அது மிதமான ஃப்ளூ பருவம் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உடல்நலம் குன்றியிருக்கும்போதும் பணிக்கு வந்துவிடுவது எங்கள் தொழிலில் நெடுநாள் பழக்கம். தாம் வராவிட்டால் உடன் பணியாற்றுபவர் இரட்டைப் பளு சுமக்க நேரும் என்ற கவலை, நோயாளியைக் கைவிடக்கூடாது என்ற எண்ணம், நாள்கூலிப் பணியாளரானால் அன்றைய ஊதியம் போய்விடும் என்ற அச்சம் ஆகியவை அதற்குக் காரணங்கள். காரணம் நல்லதாக இருந்தாலும் விளைவு நோயாளிக்குத் தீங்குதான்.

ஏன் ஒவ்வோர் ஆண்டும்?

தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் போன்றவற்றுக்கான தடுப்பூசிகளின் பயன் நெடுங்காலம் நிலைக்கிறது. ஃப்ளூ வைரஸ் அவ்வாறு நிலைத்திருப்பதில்லை. தன் மேற்புறப் புரதங்களைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே வருகிறது. சென்ற ஆண்டு உடல் அடையாளம் கண்டுகொண்ட வைரஸ் இந்த ஆண்டு வேறு முகத்தோடு வரலாம். ஊசியால் கிடைத்த எதிர்ப்பாற்றலும் மாதங்கள் செல்லச் செல்லக் குறைகிறது. இந்த இரு காரணங்களால் ஆண்டுக்கொரு முறை ஊசி தேவைப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 1952ஆம் ஆண்டு முதல் பல நாடுகளின் ஆய்வகங்களை இணைத்து இவ்வைரஸைக் கண்காணித்து வருகிறது. எந்தெந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்க்க வேண்டும் என்பதை வடகோளத்துக்காகப் பிப்ரவரியிலும், தென்கோளத்துக்காகச் செப்டம்பரிலும் வல்லுநர்கள் கூடிப் பரிந்துரைக்கின்றனர். பருவம் தொடங்கப் பல மாதங்களுக்கு முன்பே கணிக்க வேண்டியிருப்பதால் சில ஆண்டுகளில் கணிப்பு நன்கு பொருந்துகிறது. சில ஆண்டுகளில் பொருந்துவதில்லை. நன்கு பொருந்தும் ஆண்டுகளில், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை இத்தடுப்பூசி 40 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது. முழுக் காப்பு தருவதாக யாரேனும் சொன்னால் அது மிகை. பயனில்லை என்று சொன்னால் அதுவும் பிழை.

நம் பகுதியில் எப்போது போட்டுக்கொள்வது என்பதும் கவனிக்கத் தக்கது. இந்தியா முழுமைக்கும் ஒரே ஃப்ளூ பருவம் இல்லை. காஷ்மீரில் அது கடுங்குளிர் மாதங்களில் மிகுகிறது. டெல்லி, புனே போன்ற நகரங்களில் தென்மேற்குப் பருவமழையோடு மிகுகிறது. சென்னை, வேலூர் பகுதிகளிலோ வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடுதலாகக் காணப்படுகிறது. ஊசி போட்டபின் எதிர்ப்பாற்றல் உருவாக இரண்டு வாரங்கள் வரை ஆகும். ஆகவே நம் பகுதியில் செப்டம்பர் மாதத்துக்குள், அதாவது புரட்டாசி முற்பகுதிக்குள், ஊசி போட்டுக்கொள்வது பொருத்தம். தவறவிட்டவர்கள் பருவத்தின் இடையிலும் போட்டுக்கொள்ளலாம்.

சான்றுகள் எதுவரை துணை நிற்கின்றன?

பணியாளர் ஊசி போட்டுக்கொண்டால் அவருக்கு நன்மை என்பது உறுதி. அதனால் நோயாளிக்கு நன்மை உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்பதே ஆய்வாளர்களிடையே விவாதத்துக்கு உரியதாக இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் வெளியான ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று இதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. முதியோர் நெடுங்காலம் தங்கிச் சிகிச்சை பெறும் 20 மருத்துவமனைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் மட்டும் பணியாளர்களுக்குத் தடுப்பூசி வழங்க முன்வந்தனர். அங்கே பணியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போட்டுக்கொண்டனர். மற்றப் பிரிவில் போட்டுக்கொண்டவர்கள் 5 விழுக்காடு. ஊசி வழங்கப்பட்ட மருத்துவமனைகளில் அந்தக் குளிர்காலத்தில் முதியோர் இறப்பு 13.6 விழுக்காடு, மற்றவற்றில் 22.4 விழுக்காடு.

இந்த வேறுபாடு பெரியது. ஆயினும் அதே ஆய்வில் முதியோரிடமிருந்து எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, ஃப்ளூ தொற்றியவர்களின் விகிதத்தில் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அப்படியானால் குறைந்த இறப்புகள் அனைத்தையும் தடுப்பூசியின் கணக்கில் எழுதிவிட முடியாது. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பும், முதியோர் இல்லப் பணியாளர்களுக்கு ஊசி போடுவதால் அங்குள்ள முதியோரிடையே ஆய்வகத்தில் உறுதிப்படும் ஃப்ளூ குறைகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை என்று 2016இல் வெளியிட்ட அறிக்கையில் கூறியது.

இதைப் படிக்கும் சிலர், “அப்படியென்றால் ஊசி எதற்கு?” என்று கேட்கலாம். ஒரு வார்டுக்குள் ஃப்ளூ பல வழிகளில் நுழைகிறது. பார்வையாளர் வழியாக வரலாம். பக்கத்துக் கட்டில் நோயாளி வழியாக வரலாம். பணியாளர் வழியாகவும் வரலாம். ஒரு வழியைப் பாதி அடைத்ததன் பயனைத் தனியே அளந்து காட்டுவது கடினம். அளப்பது கடினம் என்பதால் அந்த வழியைத் திறந்தே வைத்திருப்பது முறையாகாது. ஊசியின் செலவு சிறிது. அதன் தீங்கு மிக அரிது. பணியாளருக்கு அதன் நன்மை உறுதி. நோயாளிக்குக் கிடைக்கக்கூடிய நன்மையின் அளவு துல்லியமாகத் தெரியாதபோதும், இவற்றைத் தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்தால் ஊசியின் பக்கமே தாழ்கிறது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசியில் முன்னுரிமை பெற வேண்டியோரில் மருத்துவப் பணியாளரைச் சேர்த்திருப்பதும், நம் நாட்டின் மத்திய சுகாதார அமைச்சகம் அவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பதும் இந்த அடிப்படையில்தான்.

கட்டாயப்படுத்தலாமா?

வேண்டும் என்பது ஒன்று. கட்டாயம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவின் சியாட்டல் நகரிலுள்ள வர்ஜீனியா மேசன் மருத்துவ மையம் 2005ஆம் ஆண்டில், ஃப்ளூ தடுப்பூசியைப் பணியின் நிபந்தனையாக ஆக்கியது. அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் மருத்துவமனை அதுவே. முதல் ஆண்டிலேயே பணியாளர்களில் 97.6 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டனர். அடுத்த ஆண்டுகளில் அது 98 விழுக்காட்டைத் தாண்டியது. மறுத்து வேலையை விட்டுச் சென்றவர்கள் ஆயிரத்தில் இருவருக்கும் குறைவு. எனினும் அங்குள்ள செவிலியர் சங்கம் இந்நிபந்தனையை எதிர்த்து நடுவர் மன்றத்தில் வென்றது. அதன் பின், ஊசி போட்டுக்கொள்ளாத செவிலியர்கள் ஃப்ளூ பருவத்தில் முகக்கவசம் அணிந்து பணியாற்றினர்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், ஊசி போட்டுக்கொள்ளாதோர் ஃப்ளூ பருவம் முழுவதும் முகக்கவசம் அணிய வேண்டும் என்று சில மருத்துவமனைகள் விதித்தன. 2015லும் 2018லும் வழங்கப்பட்ட நடுவர் தீர்ப்புகள் அந்த விதி நியாயமற்றது என்றன. அவ்விதிக்குப் போதிய அறிவியல் சான்று காட்டப்படவில்லை என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

கட்டாயப்படுத்தினால் ஊசி போட்டுக்கொள்வோர் எண்ணிக்கை உயரும் என்பதைச் சியாட்டல் காட்டுகிறது. கட்டாயத்துக்குரிய சான்று அதற்கேற்ற வலிமையோடு இருக்க வேண்டும் என்பதை ஒன்டாரியோ நினைவூட்டுகிறது. நோயாளியின் ஒப்புதல் இன்றி அவர் உடலில் ஊசி ஏற்றக் கூடாது என்று நாள்தோறும் பேசும் நாங்கள், எங்கள் பணியாளரின் உடலைக் குறித்து வேறு நீதி பேச இயலாது. அதே வேளையில், தம்மைத் தொட்டுச் சிகிச்சை செய்பவர் யார் என்பதைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு நோயாளிக்கு இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடப்பவர் எதையும் கேட்கவும் இயலாது. பணியாளரின் உரிமையும் நோயாளியின் பாதுகாப்பும் மோதும் இடத்தில், பணியாளருக்குக் கடமை சற்றுக் கூடுதல் என்பதே எங்கள் கருத்து.

ஆகவே மருத்துவமனை முதலில் செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டே பணியாளரிடம் எதிர்பார்க்க வேண்டும். ஊசி இலவசமாகக் கிடைக்க வேண்டும். பணி நேரத்தில், பணியிடத்திலேயே, இரவுப் பணியாளருக்கும் கிடைக்க வேண்டும். மருத்துவருக்கும் செவிலியருக்கும் கிடைப்பது போலவே ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் பாதுகாவலருக்கும் கிடைக்க வேண்டும். வைரஸ் பதவி பார்ப்பதில்லை. ஐயங்களைக் கேட்டுத் தெளிய இடம் இருக்க வேண்டும். காய்ச்சல் கண்டவர் ஊதிய இழப்பின்றி வீட்டில் இருக்க வழி வேண்டும். புற்றுநோய், உறுப்பு மாற்று, பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பணியாற்றுவோரிடம் இவ்வெதிர்பார்ப்பு மேலும் கண்டிப்பாக இருக்கலாம். இவ்வளவும் செய்த மருத்துவமனைக்கு, மறுப்பவரிடம் காரணம் கேட்கும் தகுதி உண்டு.

அச்சங்களுக்கு விடை

ஊசி போட்டதால் ஃப்ளூ வந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. வழக்கமாகப் போடப்படும் ஊசியில் உயிருள்ள வைரஸ் இல்லை. எனவே அது ஃப்ளூவை உண்டாக்க இயலாது. போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் உடல்வலி, இலேசான காய்ச்சல் ஆகியவை வரலாம். எதிர்ப்பாற்றல் உருவாகும் முன்பே ஃப்ளூ தொற்றுவதும், வேறு வைரஸால் சளி பிடிப்பதும் நேர்வதுண்டு. பழி ஊசியின் மேல் விழுகிறது. நரம்புகளைத் தளர்த்தும் கில்லன்-பாரே நோய் மிக அரிதாக, பத்து இலட்சம் பேருக்கு ஓரிருவர் என்ற அளவில், கூடுதலாக நேரலாம் எனக் கணிக்கப்பட்டுள்ளது. முன்பு இவ்வூசிக்குக் கடும் ஒவ்வாமை கண்டவர்கள் போட்டுக்கொள்ளக் கூடாது. முன்பு கில்லன்-பாரே நோய் வந்தவர்கள் மருத்துவரைக் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

மூக்கில் விடும் தடுப்புமருந்து ஒன்றும் உண்டு. அதில் வலுவிழந்த உயிருள்ள வைரஸ் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றுத் தனியறையில் காக்கப்படுவோர் போல எதிர்ப்பாற்றல் மிகவும் குன்றியவரைக் கவனிப்போர், அதற்கு மாறாக ஊசியையே தேர்ந்துகொள்வது நல்லது.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள்

நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிக்கு மிக அருகில் மிக நீண்ட நேரம் இருப்பவர் செவிலியர் அல்லர். உடனிருக்கும் மகளோ, மனைவியோ, தம்பியோதான். கஞ்சி ஊட்டுவதும், உடல் துடைப்பதும், கட்டிலுக்கடியில் பாய் விரித்து இரவெல்லாம் விழித்திருப்பதும் அவர்களே. மருத்துவப் பணியாளருக்கு நாங்கள் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றும் அவர்களுக்கும் பொருந்தும். ஆகவே:

கீமோதெரபி, உறுப்பு மாற்று, டயாலிசிஸ் சிகிச்சை பெறுபவரோ, முதியவரோ, கைக்குழந்தையோ வீட்டில் இருந்தால், உடனிருந்து கவனிப்போர் அனைவரும் ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

காய்ச்சலோ இருமலோ உள்ளவர் நோயாளியைப் பார்க்க வர வேண்டாம். வராதிருப்பது அன்புக் குறைவாகாது. உடனிருப்பவருக்கே காய்ச்சல் கண்டால் வேறொருவரை மாற்றிவிட்டு, வார்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள்.

நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கைகளைச் சோப்பு நீரால் கழுவுங்கள். ஊசி போட்டவருக்கும் இது பொருந்தும்.

எளிதில் பாதிக்கப்படக்கூடியவருக்குத் திடீர்க் காய்ச்சலும் இருமலும் தொடங்கினால் மறுநாள் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கூடுதல் பயன் தரும். மருத்துவர் சொல்லாமல் அதைக் கடையில் வாங்கி உட்கொள்ள வேண்டாம்.

இறுதியாக, இக்கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன கேள்வியை எங்களிடம் கேட்கத் தயங்காதீர்கள். “சிஸ்டர், இந்த வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கிட்டீங்களா?” என்று கேட்பது அவமதிப்பாகாது. தனிப்பட்ட காரணத்தால் ஒருவர் விடை சொல்லாதிருக்கலாம். அந்த உரிமை அவருக்கு உண்டு. அப்போது வார்டுப் பொறுப்புச் செவிலியரிடமோ, நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவிடமோ, “இந்தப் பிரிவில் எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். தனி ஒருவரின் பெயர் இல்லாமல் அந்த எண்ணிக்கையைச் சொல்வதில் எவர்க்கும் இழப்பில்லை. நோயாளிகள் கேட்கத் தொடங்கும்போது, அந்த எண்ணிக்கையை உயர்த்த வேண்டிய பொறுப்பு எங்கள் மேல் இன்னும் தெளிவாக விழும்.